ஒன்பதாம் வகுப்பும் ஒரு மணி நேரமும்

சிகாகோ நகரத்து ஆசிரியர்கள் குறித்த நேரத்தில் கூடிப் பேசி, படிப்பைக் கைவிடவிருந்த பிள்ளைகளைத் தடுத்து நிறுத்திய கதை

அமெரிக்காவிலேயே படுமோசமான பள்ளிகள் சிகாகோவில்தான் இருக்கின்றன என்று 1987-இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சர் வில்லியம் பென்னட் சொன்னார். அந்தப் பெயரைத் துடைக்க நகரம் எதையெதையோ செய்து பார்த்தது. 1995-இல் பள்ளிகள் மேயரின் நேரடிப் பொறுப்புக்குப் போயின. தலைமை மாறியது, சில பள்ளிகள் மூடப்பட்டன, புதியவை திறக்கப்பட்டன. ஆனாலும் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், உயர்நிலைப் பள்ளிக்குள் காலெடுத்து வைத்த பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் படிப்பை முடிக்காமலே வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒன்று நடந்தது. 2007-இல் ஒன்பதாம் வகுப்பைத் தடுமாறாமல் கடந்தவர்கள் 100-க்கு 57 பேர். 2013-இல் அது 82 ஆனது. நடுவில், 2012-இல், ஆசிரியர்களின் பெரிய வேலைநிறுத்தம் வந்தது. அடுத்த ஆண்டே ஏறக்குறைய 50 பள்ளிகளை ஒரே வீச்சில் மூடுவதென்று நகரம் முடிவெடுத்தது. இத்தனை கொந்தளிப்புக்கு நடுவிலும் அந்த எண் ஏறிக்கொண்டே போனது. எல்லோராலும் கைவிடப்பட்டவர்களாகக் கருதப்பட்ட கருப்பின மாணவர்களில், ஆண் பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், 2005-இல் 43 சதவீதமாக இருந்தது 2013-இல் 71 சதவீதம் ஆனது.

பாடப்புத்தகம் மாறவில்லை. பிள்ளைகளும் மாறவில்லை, அதே தெருக்களிலிருந்து, அதே வறுமையிலிருந்துதான் வந்தார்கள். பள்ளிக்குப் பள்ளி ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்கள், டைம் டேபிளில் ஒதுக்கப்பட்ட நேரத்தில், பெயர்ப்பட்டியலை நடுவில் வைத்துக்கொண்டு சேர்ந்து உட்கார்ந்தார்கள். இந்த மாற்றத்தின் உயிர்நாடி அந்த நேரம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கே தவறிப்போகிறார்கள்?

நம் ஊரில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுதான் பெரிய வாசல். யார் தேறினார், யார் தவறினார் என்பது ஒரே நாளில் ஊருக்கே தெரிந்துவிடும். சிகாகோவில் அப்படியொரு நாள் கிடையாது. அங்கே உயர்நிலைப் பள்ளி ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு பாடத்திலும் தேறினால் அதற்கான கிரெடிட் கிடைக்கும். போதுமான கிரெடிட் சேர்ந்தால்தான் பட்டயம். பிள்ளை தவறுவது சத்தமில்லாமல் நடக்கும். இந்தப் பருவம் கணக்கில் ஒரு எஃப், அதாவது தோல்வி, அடுத்த பருவம் உயிரியலில் இன்னொன்று என்று அரியர் சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் அந்தப் பையன் வருவதையே நிறுத்திவிடுவான். எந்த நாளில் அவன் கைவிட்டுப் போனான் என்று யாராலும் சொல்ல முடியாது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1990 முதல் இயங்கிவரும் பள்ளி ஆய்வுக் கூட்டமைப்பு இந்தப் புள்ளியைத்தான் தேடியது. எலெய்ன் ஆலன்ஸ்வொர்த், ஜான் ஈஸ்டன் இருவரும் 2005-இல் வெளியிட்ட அறிக்கை ஓர் எளிய அளவுகோலை முன்வைத்தது. ஒன்பதாம் வகுப்பு முடிவில் மாணவர் 5 முழு கிரெடிட் பெற்றிருக்க வேண்டும். ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய முதன்மைப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் அவர் ‘ஆன் ட்ராக்’. அப்படி இருந்தவர்களில் 81 சதவீதம் பேர் நான்கே ஆண்டுகளில் பட்டயம் பெற்றார்கள். இல்லாதவர்களில் 22 சதவீதம் பேர்தான் பெற்றார்கள். எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணோ, இனமோ, வீட்டு வருமானமோ இவ்வளவு துல்லியமாக எதிர்காலத்தைக் காட்டவில்லை.

2007-இல் வந்த அடுத்த அறிக்கை இன்னும் கூர்மையானது. ஒன்பதாம் வகுப்பில் யார் தோற்பார்கள் என்பதைப் பழைய தேர்வு மதிப்பெண்ணைவிட எட்டு மடங்கு தெளிவாகக் காட்டுவது வருகைப்பதிவுதான் என்று அது கண்டது. முதல் வரிசை மதிப்பெண்ணோடு உள்ளே வந்து பருவத்துக்கு இரண்டு வாரம் மட்டம் போடுகிற பிள்ளை, கடைசி வரிசை மதிப்பெண்ணோடு வந்து ஒரு வாரம் மட்டும் விடுப்பெடுத்த பிள்ளையைவிட அதிகப் பாடங்களில் தோற்கிறது. இதைப் படித்த ஆசிரியர்கள் எப்படி அதிர்ந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ‘இவனுக்கு மூளை ஓடவில்லை, அடித்தளம் சரியில்லை’ என்று எத்தனை பிள்ளைகளைப் பற்றி முடிவு கட்டியிருப்பார்கள்! பெரும்பாலான தோல்விக்குக் காரணம் வகுப்புக்கு வராததும், கொடுத்த வேலையைச் செய்து முடிக்காததும்தான்.

ஏன் ஒன்பதில் இப்படி ஆகிறது என்பதும் புரியாத புதிர் இல்லை. சிகாகோவில் எட்டாம் வகுப்புவரை பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே சிறிய பள்ளியில் படிக்கிறார்கள். வரவில்லை என்றால் டீச்சர் வீட்டுக்குப் போன் செய்வார். ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று ஒரு பெரிய கட்டடம்; மணிக்கு மணி வேறு வகுப்பறை, வேறு ஆசிரியர். அனுமதியில்லாமல் வகுப்புக்கு வராமல் இருப்பது எட்டாம் வகுப்பைவிட ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. பெரியவர்கள் அதைச் சுதந்திரம் என்று நினைத்து ஒதுங்கிக்கொள்கிறார்கள். 14 வயதுப் பிள்ளை அதில் தொலைந்துபோகிறது.

பட்டியல் வந்தது, பிறகு?

2008 முதல் நகரத்தின் பள்ளி நிர்வாகம் மூன்று வகைப் பட்டியல்களை உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. முதலாவது, எட்டாம் வகுப்பிலேயே வருகையும் மதிப்பெண்ணும் தடுமாறிய, இந்த ஆண்டு புதிதாக உள்ளே வரப்போகிற பிள்ளைகளின் பெயர்கள். அடுத்தது, ஆண்டின் நடுவிலேயே யார் எந்தப் பாடத்தில் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்பது. மூன்றாவது, இழந்த கிரெடிட்டை யார் எப்படி மீட்க வேண்டும் என்பது. அதற்குமுன் இந்தத் தகவலெல்லாம் ஆண்டு முடிந்த பிறகு, யாருக்கும் உதவாத காலத்தில்தான் வரும். இப்போது அக்டோபரிலேயே கையில் இருந்தது.

பட்டியலால் மட்டும் ஒரு பிள்ளையும் தேறாது. அதை வாங்கிக் கோப்பில் செருகிய பள்ளிகளும் இருந்திருக்கும். எண் உண்மையில் நகர்ந்த பள்ளிகளில் அதை எடுத்துக்கொண்டு உட்கார ஒரு குழு இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தை ஒட்டி 2006-இல் தொடங்கப்பட்ட ‘நெட்வொர்க் ஃபார் காலேஜ் சக்சஸ்’ என்ற அமைப்பு, அப்படிப்பட்ட குழுக்களை எப்படிக் கட்டுவது, எப்படி நடத்துவது என்று பள்ளிகளுக்குக் கூடவே நின்று கற்றுக்கொடுத்தது.

குழுவில் யார் யார்? ஒன்பதாம் வகுப்பின் முதன்மைப் பாட ஆசிரியர்கள், மாணவர் ஆலோசகர், சிறப்புக் கல்வி ஆசிரியர், ஒழுங்கு நடவடிக்கைப் பொறுப்பாளர், சமூகப் பணியாளர், வருகைப்பதிவைக் கவனிக்கும் எழுத்தர், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒரு நிர்வாகி. தலைமை பெரும்பாலும் ஓர் ஆசிரியர் கையில். எழுத்தரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் காலையில் தாமதமாக வருகிற பிள்ளையை முதலில் பார்ப்பவர் அவர்தான். வீட்டில் போனை யார் எடுப்பார்கள், எந்த எண் வேலை செய்யாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

அந்தக் குழு என்ன செய்யும் என்பதற்கு ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்வோம். அக்டோபர் முதல் வாரம். கணிதத்தில் எஃப், உயிரியலில் டி, ஆங்கிலத்தில் சி. கணித ஆசிரியரைத் தனியாகக் கேட்டால், பையன் சோம்பேறி என்பார். ஆங்கில ஆசிரியரைக் கேட்டால், ஒரு குறையும் இல்லையே, நன்றாகத்தானே பேசுகிறான் என்பார். எழுத்தருக்கு, அவன் வாரத்தில் இரண்டு நாள் முதல் பீரியட் முடிந்துதான் வருகிறான் என்று தெரியும். காலையில் தங்கையைத் தொடக்கப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் அவன் கிளம்ப முடியும் என்பது சமூகப் பணியாளருக்குத் தெரியும். நான்கு பேரும் நான்கு அறைகளில் இருந்தால் அவன் கணக்கில் தோற்பான், காரணம் சோம்பல் என்றே பதிவாகும். நான்கு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் சில நிமிடங்களில் விஷயம் விளங்கிவிடும். கணிதத்தை மூன்றாம் பீரியடுக்கு மாற்ற வேண்டும். விட்டுப்போன பாடத்துக்கு மூன்று வாரம் மதியம் உதவி வேண்டும். ஆலோசகர் வெள்ளிக்கிழமைக்குள் மாற்றுவார், கணித ஆசிரியர் திங்கள் முதல் தொடங்குவார். அடுத்த பெயர்.

மூன்று அடுக்குகள்

இந்தச் சிந்தனையின் வேர் பொது சுகாதாரத்தில் இருக்கிறது. நோய் வருமுன் ஊருக்கே தடுப்பு, நோய் வரக்கூடியவர்களுக்குக் கூடுதல் கண்காணிப்பு, வந்துவிட்டவர்களுக்குத் தீவிர சிகிச்சை என்ற பகுப்பை மனநல மருத்துவர் ஜெரால்ட் கேப்லன் 1964-இல் தடுப்பு உளமருத்துவத்தில் பயன்படுத்தினார். 1990-களில் ஹில் வாக்கர், ஜார்ஜ் சுகாய், ராப் ஹார்னர் போன்றவர்கள் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி இதைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார்கள். எல்லாப் பிள்ளைக்கும் நல்ல வகுப்பறை என்பது முதல் அடுக்கு. சுமாராக 80 சதவீதம் பேருக்கு அதுவே போதுமானதாக இருக்க வேண்டும். 15 சதவீதம் பேருக்குச் சிறு குழுக்களாகக் கூடுதல் உதவி. மீதி 5 சதவீதம் பேருக்குத் தனித்தனித் திட்டம்.

அதற்குமுன் அமெரிக்கச் சட்டம் பிள்ளைகளைக் காக்க வைத்துக்கொண்டிருந்தது. 1975-இல் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் கல்வி உரிமைச் சட்டம் வந்தது; அது ஒரு மகத்தான சட்டம். ஆனால் கற்றல் குறைபாட்டை உறுதிசெய்ய, நுண்ணறிவு மதிப்பெண்ணுக்கும் படிப்பு மதிப்பெண்ணுக்கும் பெரிய இடைவெளி தெரிய வேண்டும் என்ற முறை பின்னால் ஊன்றிவிட்டது. இரண்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் திணறும் குழந்தைக்கு இடைவெளி போதாது. நான்காம் வகுப்புவரை தோற்றுக் காட்டினால்தான் உதவி. 2004-இல் சட்டம் திருத்தப்பட்டு, முதலில் உதவியைக் கொடுத்து, குழந்தை எப்படி முன்னேறுகிறது என்பதைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றானது. 2015-இல் வந்த கல்விச் சட்டத்தில் பல அடுக்கு ஆதரவு என்ற ஏற்பாடு பெயரோடு இடம்பெற்றது.

சதவீதக் கணக்கைவிட முக்கியம், அந்தக் கணக்கு கேட்க வைக்கும் கேள்வி. குழு கூடியதும் முதலில் பெயர்களுக்குப் போகக் கூடாது. உயிரியல் வகுப்பில் 100-க்கு 40 பேர் தோற்றுக்கொண்டிருந்தால், அந்த 40 பேருக்கும் தனித்தனியாக ஆலோசனை சொல்லி எந்தப் பயனும் இல்லை. பாடம் நடத்தும் முறையிலோ, மதிப்பெண் போடும் முறையிலோ கோளாறு இருக்கிறது. வீட்டுப்பாடம் ஒன்றைக் கொடுக்காவிட்டால் பூஜ்யம் என்று வைத்தால், இரண்டு வாரம் காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு அந்தப் பூஜ்யங்களிலிருந்து எழ வழியே இருக்காது. இதைச் சக ஆசிரியர்கள் முன் பேசுவது கூச்சமான காரியம். தன் வகுப்பில் மட்டும் தோல்வி இத்தனை ஏன் என்று தாளில் பார்க்கும் ஆசிரியருக்கு முதலில் கோபம்தான் வரும். நல்ல குழு அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொண்டு, அவருக்கும் உதவி தேவைப்படலாம் என்று இடம் கொடுக்கும். குறைசொல்லும் மேடையாகிவிட்டால், மூன்றாவது கூட்டத்திலேயே உண்மையைப் பேசுவது நின்றுவிடும்.

இரண்டாம் அடுக்கு உதவியில் ஓரிகனில் உருவான ஒரு முறை மிக எளிமையானது. காலையில் பள்ளிக்குள் நுழைந்ததும் பிள்ளை தனக்கென்று குறிக்கப்பட்ட ஒரு பெரியவரைப் பார்க்க வேண்டும். அவர் பேர் சொல்லி வரவேற்று ஓர் அட்டையைக் கொடுப்பார். ஒவ்வொரு பீரியட் முடிவிலும் ஆசிரியர் அதில் புள்ளி போட்டு இரண்டு வார்த்தை பேசுவார். மாலையில் அதே பெரியவரிடம் திரும்பி வந்து கூட்டிப் பார்க்க வேண்டும். 80 சதவீதம் வந்தால் அன்றைய இலக்கு முடிந்தது. அட்டை வீட்டுக்குப் போய்க் கையெழுத்தோடு மறுநாள் திரும்பும். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நாளில் ஆறேழு முறை ஒரு பெரியவர் அந்தப் பிள்ளையை ஏறெடுத்துப் பார்த்துப் பேசுகிறார். அதுவரை அவனோடு யாராவது பேசியிருந்தால் பெரும்பாலும் திட்டுவதற்காகத்தான் இருந்திருக்கும்.

கூட்டம் நடத்துவது ஒரு கைத்திறன்

ஆசிரியர்கள் கூட்டம் என்றாலே பலருக்கு அலுப்பு. சுற்றறிக்கை வாசிப்பு, புலம்பல், டீ, கலைதல். ஹார்னரும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்த அலுப்பைத் தீர்க்கவே குழுவாகப் பிரச்சினை தீர்க்கும் ஒரு முறையைத் தனியாக வகுத்தார்கள். நடத்துபவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர், தரவை முன்கூட்டியே அலசிக் கொண்டுவருபவர் ஒருவர். இவர்களில் யாராவது வராவிட்டால் அந்த வேலையைச் செய்ய மாற்று ஆளும் உண்டு. பிரச்சினையை எழுதும் விதத்தில் கறார் வேண்டும். ‘சண்டை அதிகமாகிவிட்டது’ என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘மதியம் 11.30 முதல் 12 மணிவரை, சாப்பாட்டு வரிசையில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தள்ளிக்கொள்கிறார்கள். வரிசை நீளம், காத்திருப்பு அதிகம்’ என்று எழுதினால் தீர்வு அதிலேயே இருக்கிறது: வரிசையை இரண்டாகப் பிரி.

ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே ஒரு பெயர், ஒரு தேதி. அடுத்த கூட்டத்தின் முதல் வேலை, போன முறை சொன்னதைச் செய்தோமா என்று பார்ப்பது. செய்யவே இல்லை என்றால் திட்டத்தைக் குறைசொல்ல முடியாது. செய்தும் ஆறெட்டு வாரத்தில் பலன் தெரியவில்லை என்றால், திட்டத்தை மாற்ற வேண்டும். பிள்ளையைக் குறைசொல்வதற்கு இந்த ஏற்பாட்டில் எங்கேயும் கட்டம் கிடையாது.

ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு பிள்ளைகளைப் பற்றித்தான் உருப்படியாகப் பேச முடியும். முப்பது பெயர்களை ஓட்டிப் படிக்கிற கூட்டம் யாருக்கும் உதவாது. எங்கே பொறுக்கி எடுப்பது என்பதில் சிகாகோ குழுக்களின் தேர்வு கவனிக்கத்தக்கது: ஒரே ஒரு பாடத்தில், விளிம்பில் நின்று தோற்றுக்கொண்டிருப்பவர்களைச் சீக்கிரம் தூக்கிவிடலாம் என்பதால் அவர்களுக்குத் தனி முயற்சி. இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. எண்ணை உயர்த்த வேண்டுமென்றால் விளிம்பில் இருப்பவர்களை மட்டும் பார்த்தால் போதும். ஆழத்தில் இருக்கும் பிள்ளை மேசைக்கே வராமல் போகலாம். மூன்றாம் அடுக்குக்கென்று தனிக் குழுவும் தனி நேரமும் வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

தவறிப்போன இடங்கள்

அடுக்குமுறை தானாகவே நன்மை செய்யும் என்று நம்பிவிடக் கூடாது. அமெரிக்கக் கல்வித் துறைக்காக 13 மாநிலங்களின் 146 தொடக்கப் பள்ளிகளில் செய்யப்பட்ட பெரிய மதிப்பீடு 2015-இல் வெளியானது. முதல் வகுப்பில், மதிப்பெண் கோட்டுக்குச் சற்றே கீழே இருந்ததால் வாசிப்பு உதவிக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள், கோட்டுக்குச் சற்று மேலே இருந்து அனுப்பப்படாத குழந்தைகளைவிடப் பின்தங்கியிருந்தார்கள். பல பள்ளிகளில் வகுப்பு வாசிப்பு நடக்கும் நேரத்திலேயே குழந்தையை வெளியே அழைத்துப்போய் உதவி கொடுத்தார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்த கதை.

டெக்சாஸில் நடந்தது இன்னும் வேதனையானது. சிறப்புக் கல்வி பெறும் மாணவர் எண்ணிக்கை 8.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை மாநில நிர்வாகம் சத்தமில்லாமல் வைத்திருந்தது. 2016-இல் ‘ஹூஸ்டன் கிரானிகிள்’ நாளிதழ் அதை வெளிக்கொண்டுவந்தது. மாநிலம் சட்டத்தை மீறியதாக 2018-இல் மத்தியக் கல்வித் துறை உறுதிசெய்தது. முறையான மதிப்பீட்டைக் கேட்ட பெற்றோர்களை, முதலில் இந்த அடுக்கைப் பார்ப்போம், பிறகு அந்த அடுக்கைப் பார்ப்போம் என்று பள்ளிகள் இழுத்தடித்தன. அடுக்குமுறையைச் சாக்காக வைத்து மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று 2011-லேயே மத்திய அரசு சுற்றறிக்கை அனுப்பியிருந்தும் இப்படி நடந்தது.

சிகாகோவும் விமர்சனத்துக்குத் தப்பவில்லை. எண் ஏற வேண்டுமென்ற அழுத்தத்தில் ஆசிரியர்கள் மதிப்பெண்ணைத் தாராளமாக்கிவிட்டார்கள் என்ற சந்தேகம் எழுந்தது. இடைநின்றவர்களில் பலரைப் பள்ளி மாறியவர்களாகத் தவறாகக் காட்டியதைச் செய்தியாளர்கள் 2015-இல் அம்பலப்படுத்தியதும், நகர நிர்வாகம் பட்டயம் பெறுவோர் விகிதத்தைக் குறைத்துத் திருத்தியது. இந்தக் கறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மெலிசா ரோடரிக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட அறிக்கை, முன்கூட்டியே மாறிய பள்ளிகளைப் பட்டயம் பெறும் கட்டம்வரை பின்தொடர்ந்து பார்த்தது. ஒன்பதாம் வகுப்பில் ஏறிய எண் மூன்றாண்டு கழித்துக் கரைந்துவிடவில்லை. அந்தப் பள்ளிகளில் பட்டயம் பெறுவோர் விகிதம் 8 முதல் 20 புள்ளிவரை கூடியிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் கைதூக்கிவிடப்பட்டவர்கள் பதினொன்றிலும் பன்னிரண்டிலும் தாமே நடந்திருக்கிறார்கள்.

நேரத்தை யார் தருவது?

தமிழ்நாட்டு ஆசிரியர்கள் இதைப் படித்தால் கேட்கக்கூடிய முதல் கேள்வி எனக்குத் தெரியும். வருகைப்பதிவையும் மதிப்பெண்ணையும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏற்றி ஏற்றியே கை ஓய்ந்துபோகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. தகவல் மேலே போகிறது. அதே தகவல் ஒரு பள்ளியின் ஒரே வகுப்பு ஆசிரியர்கள் மேசைக்கு, அவர்கள் பேசி முடிவெடுக்கும் நேரத்தோடு சேர்ந்து, திரும்பி வர வேண்டும். மெல்லக் கற்போர் பட்டியல் நம் பள்ளிகளிலும் உண்டு. பெரும்பாலும் அது பத்தாம் வகுப்பில், பொதுத்தேர்வு நெருங்கும்போது சூடுபிடிக்கிறது. மாலை வகுப்பும் அப்போதுதான் தீவிரமாகிறது. எட்டிலோ ஒன்பதிலோ வாரத்துக்கு இரண்டு நாள் லீவு போட்ட பிள்ளையைப் பற்றி ஐந்து ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதற்கு நேரம் வேண்டும். நேரத்துக்குப் பணம் வேண்டும். ஐந்து ஆசிரியர்களுக்கு ஒரே பீரியடை ஃப்ரீயாக வைத்தால், அந்தப் பீரியடில் அவர்களுடைய வகுப்புகளை வேறு யாராவது பார்க்க வேண்டும். பள்ளி முடிந்த பிறகு கூடுங்கள் என்று சொல்வது ஆசிரியரின் உழைப்பை இலவசமாகக் கேட்பது. ஆர்வமுள்ளவர்கள் ஓராண்டு செய்வார்கள். அவர்களுக்கு மாறுதல் வந்ததும் குழுவும் போய்விடும்.

ஓரிகன் மாநிலம் இந்த இடத்தில் ஒரு படி முன்னே போயிருக்கிறது. 2016 நவம்பரில் அங்கு வாக்காளர்கள் நேரடியாக வாக்களித்து நிறைவேற்றிய 98-ஆம் எண் சட்டமுன்வடிவு, உயர்நிலைப் பள்ளிகளுக்கென்று தனி நிதியை ஒதுக்கியது. நிதியைப் பெறும் பள்ளிகளுக்கு நிபந்தனைகள் உண்டு. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளின் வருகை, மதிப்பெண், நடத்தை ஆகியவற்றைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கப் பள்ளி நேரம் ஒதுக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. தொழிற்கல்விக்கும் கல்லூரித் தயாரிப்புக்கும் ஒதுக்கிய அதே சட்டத்தில், ஆசிரியர்கள் கூடிப் பேசும் நேரத்துக்கும் மக்கள் வரிப்பணத்தைத் தந்தார்கள்.